கேமிங் கணினியில் ஒலித் தாமதமும் உள்ளீட்டுத் தாமதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் கேம் ஆடுபவர்களுக்கான பக்கம் இது. கன்சோல், மொபைல் பற்றி இங்கே எதுவும் இல்லை. பெரிய தாமதங்களைப் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் முன்னால் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் பின்னால் உள்ள நுணுக்கங்களுக்குத் தாவினால் நேரம்தான் செலவாகும்.

ஃபிரேம் எண்ணிக்கை 150-ஐத் தாண்டுகிறது. ஆனாலும் கேம் இழுப்பதுபோல் இருக்கிறது. ஏன்?

வினாடிக்கு எத்தனை படங்கள் வெளிவருகின்றன என்பதை மட்டுமே ஃபிரேம் எண்ணிக்கை சொல்லும். மவுஸை அழுத்தியதற்கும் அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஓடியது என்பது அதில் தெரியாது. 150 படங்கள் தவறாமல் வந்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு படமும் மூன்று படங்களுக்கு முந்தைய மவுஸ் நிலையைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

அழுத்தம் போகும் வழி இது. மவுஸில் உள்ள சிப், யூஎஸ்பி, விண்டோஸ் என்று கடந்து கேமை அடைகிறது. கேம் தன் அடுத்த சுற்றில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பிராசசர் வரைவதற்கான கட்டளைகளை வரிசையில் வைக்கிறது, கிராபிக்ஸ் கார்டு வரைகிறது, மானிட்டர் மேலிருந்து கீழாக வரி வரியாகக் காட்டுகிறது. ஒலி வேறு வழியில் போகிறது: கேமின் ஒலிக்கலவை, விண்டோஸின் ஒலி எஞ்சின், டிரைவர், கடைசியில் ஹெட்ஃபோன்.

இந்த வழிகளில் கணக்கிடுவதற்கு ஆகும் நேரம் குறைவு. வரிசையில் காத்திருக்கும் நேரமே அதிகம். அந்த வரிசைக்குப் பெயர் பஃபர். அதை யாரும் அலட்சியத்தால் வைக்கவில்லை. எங்கோ ஒரு டிரைவர் சில மில்லிவினாடி சுணங்கினாலும் ஒலி அறுந்துவிடாமல், படம் தடுக்காமல் காப்பது அதுதான். அதனால் சுணங்கும் இடத்தை முதலில் சரிசெய்ய வேண்டும், பஃபரைக் குறைப்பது அதன் பிறகு. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் ‘கரகரவென்று சத்தம் வருகிறது’ என்று வருகிறார்கள்.

எந்த இடத்தில் எத்தனை மில்லிவினாடி போகிறது?

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிவினாடி. 144 ஹெர்ட்ஸில் 6.9, 240 ஹெர்ட்ஸில் 4.2. படங்களை மானிட்டரின் சுழற்சியோடு பொருத்திக் காட்டும் வி-சிங்க்கால் இரண்டு மூன்று படங்கள் வரிசையில் தேங்கினால் 60 ஹெர்ட்ஸில் 33 முதல் 50 வரை கூடும். சாதாரண புளூடூத் ஹெட்ஃபோன் 150 முதல் 250 வரை தின்னும். படத்தை மெருகேற்றும் டிவி 50-ஐயும் தாண்டலாம். பழைய 125 ஹெர்ட்ஸ் மவுஸ் அதிகபட்சம் 8. விண்டோஸின் ஒலி எஞ்சின் வழக்கமாக 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை வேலை செய்கிறது. விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு எண்களை மாற்றுவதால் கிடைப்பது பெரும்பாலும் பூஜ்யம்.

என் கணினியில் எவ்வளவு தாமதம் என்று வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும், கைபேசி போதும். அளக்காமல் எதையும் மாற்றாதீர்கள். மாற்றியபின் வேகமாகிவிட்டதாகத் தோன்றுவது மனித இயல்பு.

படத்துக்கு: கைபேசியில் வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோ-மோஷன் வசதியைத் திறந்து, மவுஸும் திரையும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி வையுங்கள். கேமில் துப்பாக்கியைச் சுட்டுவிட்டு, பொத்தான் கீழே போன படத்திலிருந்து குழலில் தீப்பொறி தெரியும் படம் வரை எண்ணுங்கள். ஒரு படத்துக்கு 4.2 மில்லிவினாடி. மவுஸை அழுத்தும் கணம் திரையின் சுழற்சியில் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறுவதால் பத்துப் பதினைந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஒலிக்கு இன்னும் எளிது. ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மவுஸை ஒட்டி வைத்து, கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டுச் சுடுங்கள். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் முதலில் மவுஸ் பொத்தானின் ‘டிக்’ கூர்மையாகத் தெரியும், அடுத்து துப்பாக்கிச் சத்தம். இடைவெளியைத் தேர்ந்தெடுத்தால் மில்லிவினாடியில் காட்டிவிடும். இரண்டு சத்தமும் ஒரே பதிவில் இருப்பதால் கைபேசியின் சொந்தத் தாமதம் கணக்கில் வராது. அழுத்தியவுடன் சுடும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். சுழன்று வேகமெடுத்துச் சுடும் ஆயுதத்தை வைத்து அளந்தால் கேமின் வடிவமைப்பைத்தான் அளந்திருப்பீர்கள்.

ஒலியின் இடைவெளி படத்தின் இடைவெளியைவிட மிக அதிகமாக வந்தால் கோளாறு ஒலிப் பாதையில். இரண்டும் சேர்ந்தே அதிகமாக இருந்தால் மவுஸிலோ ஃபிரேம் வரிசையிலோ தேடுங்கள்.

புளூடூத் ஹெட்ஃபோனில் தாமதத்தைக் குறைக்க என்ன அமைப்பு?

கேபிள். வேறு நல்ல பதில் என்னிடம் இல்லை. புளூடூத்தில் ஒலி முதலில் சுருக்கப்படுகிறது, பிறகு பொட்டலங்களாக அனுப்பப்படுகிறது, காதருகே மீண்டும் விரிக்கப்படுகிறது. பொட்டலம் தொலைந்தாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக ஹெட்ஃபோன் தாராளமாக ஒரு பஃபரை வைத்துக்கொள்கிறது. பாட்டுக் கேட்க அருமை, சுடுவதற்கு அல்ல. ஏபிடிஎக்ஸ் லோ லேட்டன்சி என்ற கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) இதை 40 மில்லிவினாடி அளவுக்குக் குறைத்தது. ஆனால் அனுப்பும் கருவி, கேட்கும் கருவி இரண்டிலும் அது இருக்க வேண்டும், கணினிகளோடு வரும் புளூடூத்தில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. போதாக்குறைக்கு, பழைய முறைப் புளூடூத்தில் மைக்கை இயக்கியவுடன் ஒலியின் தரம் தொலைபேசி அளவுக்கு விழுந்துவிடும்.

கம்பி வேண்டவே வேண்டாம் என்றால், யூஎஸ்பியில் செருகும் தனி 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வரும் கேமிங் ஹெட்செட் வாங்குங்கள். கம்பியைவிடச் சற்றுக் கூடுதல் தாமதம் இருக்கும், ஆனால் ஆடலாம்.

மானிட்டருக்குப் பதில் டிவியை இணைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

டிவியில் ‘கேம் மோடு’ இருந்தால் அதை இயக்குங்கள். இரைச்சல் நீக்கம், அசைவை மென்மையாக்குதல் போன்ற வேலைகளை அது நிறுத்திவிடும். இந்த ஒரே பொத்தான் மற்ற எல்லா யோசனைகளையும் தோற்கடிக்கக்கூடும். ஒலியை டிவி வழியாகவோ சவுண்ட்பார் வழியாகவோ எடுக்காமல் கணினியிலேயே ஹெட்ஃபோனைச் செருகுங்கள்.

வி-சிங்க் வேண்டுமா, வேண்டாமா?

கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் வசதி உங்கள் மானிட்டரில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

இல்லை என்றால், போட்டி ஆட்டங்களில் வி-சிங்க்கை நிறுத்திவிடுங்கள். படம் குறுக்கே கிழிந்ததுபோல் அவ்வப்போது தெரியும், சகித்துக்கொள்ள வேண்டியதுதான். கதை ஆட்டங்களில் கிழிசல் எரிச்சலூட்டினால் வி-சிங்க்கை இயக்கிக்கொள்ளலாம்.

இருக்கிறது என்றால் வழி வேறு. ஜி-சிங்க்கை இயக்குங்கள், டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் வி-சிங்க்கையும் இயக்குங்கள், கேமுக்குள் ஃபிரேம் வரம்பை மானிட்டரின் உச்சத்தைவிடச் சற்றுக் கீழே வையுங்கள். 144 ஹெர்ட்ஸுக்கு 138 நல்ல எண். என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் (அடுத்த கேள்வியில் வருகிறது) இயங்கும்போது தானாகப் பிடித்துக்கொள்ளும் வரம்பும் அதுதான். உச்சத்தைத் தொடாதவரை வி-சிங்க் எதையும் வரிசையில் நிறுத்தாது. அதனால் கிழிசலும் இல்லை, தேக்கமும் இல்லை.

இதோடு தொடர்புடைய இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் திணறும்போது பிராசசர் முந்திக்கொண்டு அடுத்தடுத்த படங்களுக்கான கட்டளைகளை அடுக்கிவிடுகிறது. கேம் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் இடைமுகமான டைரக்ட்எக்ஸ் 11-இல் இப்படி மூன்று படங்கள் வரை அடுக்க இயல்பாகவே அனுமதி உண்டு. கார்டு சற்று மூச்சுவிடும்படி ஃபிரேம் வரம்பையோ படத் தரத்தையோ குறைத்தால், எண்ணிக்கை குறைந்தும் மவுஸ் இலகுவாக நகரும். 170-லிருந்து 150-க்கு இறக்கி வேகம் பெறுவது முதலில் நம்பக் கடினமாக இருக்கும். மேலே சொன்ன ஸ்லோ-மோஷன் முறையில் அளந்து பாருங்கள்.

ரிஃப்ளெக்ஸ், ஆன்ட்டி-லேக் இவை உண்மையில் உதவுகின்றனவா?

ரிஃப்ளெக்ஸ் உதவுகிறது. 2020 செப்டம்பரில் வந்தது. ஜிடிஎக்ஸ் 900 வரிசைக் கார்டுகளிலேயே வேலை செய்கிறது. மேலே சொன்ன முந்திக்கொள்ளும் பழக்கத்தைத்தான் அது தடுக்கிறது: கார்டு தயாராகும்வரை பிராசசரைப் பொறுக்கச் சொல்லி, மவுஸின் நிலையைக் கடைசி நேரத்தில் வாங்கவைக்கிறது. கேமுக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் இது சாத்தியமாகிறது. கேமில் அந்த வசதி இல்லையென்றால் என்விடியா பலகத்தில் ‘லோ லேட்டன்சி மோடு’ இருக்கிறது. டைரக்ட்எக்ஸ் 9, 11 ஆட்டங்களில் மட்டுமே அது பலன் தரும். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் ஆட்டங்கள் தங்கள் வரிசையைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன.

ஏஎம்டியின் ஆன்ட்டி-லேக் 2019-இல் டிரைவர் வசதியாக வந்தது. அதன் அடுத்த வடிவமான ஆன்ட்டி-லேக் பிளஸ் 2023-இல் இயங்கும் கேமின் நிரலுக்குள்ளேயே கைவைத்தது. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-இன் மோசடித் தடுப்பு அதை ஏமாற்று மென்பொருளாகக் கருதி ஆட்டக்காரர்களைத் தடைசெய்யத் தொடங்கியது. ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2024-இல் வந்த ஆன்ட்டி-லேக் 2, கேம் தயாரிப்பாளரே உள்ளே பொருத்தும் வகை, அதில் இந்தச் சிக்கல் இல்லை. வெளியிலிருந்து கேமுக்குள் நுழையும் எந்த ‘தாமதக் குறைப்பு’ மென்பொருளையும் இந்தக் கதையை நினைவில் வைத்து அணுகுங்கள்.

ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் எண்ணிக்கை இரட்டிப்பாகிறதே, தாமதமும் பாதியாகுமா?

ஆகாது, கூடும். இரண்டு உண்மையான படங்களுக்கு நடுவே கணக்கிட்டு உருவாக்கிய ஒன்றைச் செருக வேண்டுமென்றால் இரண்டாவது படம் வரும்வரை காத்திருந்தாக வேண்டும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 தன் ஃபிரேம் ஜெனரேஷனோடு ரிஃப்ளெக்ஸையும் சேர்த்தே இயக்குவது இந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான். கதை ஆட்டங்களில், இயல்பான எண்ணிக்கையே 60-க்கு மேல் இருக்கும்போது பயன்படுத்துங்கள். வாலரன்ட் போன்றவற்றில் இதற்கு வேலையில்லை.

8000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கலாமா?

125 ஹெர்ட்ஸ் மவுஸ் 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை தகவல் தருகிறது. 1000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லிவினாடி. இந்த மாற்றத்தில் சராசரியாக மூன்றரை மில்லிவினாடி மிச்சம், அதுவும் மலிவு விலையில். 1000-லிருந்து 8000-க்குப் போனால் மிச்சமாவது அரை மில்லிவினாடிக்கும் குறைவு. பதிலுக்குப் பிராசசருக்கு வினாடிக்கு 8000 குறுக்கீடுகள். பழைய பிராசசரில் மவுஸை வேகமாக அசைக்கும்போது கேம் தடுக்குவதற்கு இதுவே காரணமாகலாம். 240 ஹெர்ட்ஸுக்குக் கீழே மானிட்டர் வைத்திருப்பவர் அந்தப் பணத்தை மானிட்டரில் போடட்டும்.

விண்டோஸில் உள்ள ‘என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன்’ தாமதத்தை உண்டாக்குவதில்லை. அது கையின் வேகத்துக்கு ஏற்பக் குறியின் தூரத்தை மாற்றுகிறது. குறிபார்த்தல் சீராக வேண்டுமென்றால் நிறுத்துங்கள். மவுஸை நேரடியாகப் படிக்கும் ஆட்டங்களில் அது எப்படியும் செல்லாது.

கம்பியில்லா மவுஸ் சில நேரம் விட்டுவிட்டு நகர்கிறது.

டாங்கிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்? யூஎஸ்பி 3.0 கருவிகளும் போர்ட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்புகின்றன. இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. கணினியின் பின்புறம் வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் டாங்கிளைச் செருகினால் இப்படித்தான் ஆகும். ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி டாங்கிளை மவுஸ்பேடுக்கு அருகே கொண்டுவாருங்கள். இப்படிச் செய்தபின் நல்ல கம்பியில்லா கேமிங் மவுஸுக்கும் கம்பி மவுஸுக்கும் வித்தியாசம் காண்பது கடினம். புளூடூத்தில் இணைத்த மவுஸை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கீபோர்டிலும் தாமதம் உண்டா?

உண்டு, மவுஸைவிட அதிகமாகவே. சாவியின் உலோகத் தொடுமுனைகள் அழுத்தும்போது சில முறை துள்ளும். ஒரே அழுத்தத்தை இரண்டாக எண்ணிவிடாமல் இருக்கக் கீபோர்டின் சிப் சில மில்லிவினாடி பொறுத்துப் பார்க்கிறது. மலிவான கீபோர்டுகளில் இந்தப் பொறுமையும் மெதுவான தகவல் வேகமும் சேர்ந்து 20 மில்லிவினாடியைத் தாண்டும். காந்த உணரி கொண்ட சாவிகளில் துள்ளல் பிரச்சினையே இல்லை. ஆனால் அவற்றோடு வரும் தானியங்கி வசதிகளைக் கவனியுங்கள்: இரண்டு எதிர்த்திசைச் சாவிகளில் கடைசியாக அழுத்தியதை மட்டும் எடுக்கும் வகையான உதவியை 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-இல் தடைசெய்துவிட்டது.

இனி ஒலிக்கு வருவோம். கம்பி ஹெட்ஃபோனிலேயே சத்தம் பிந்துகிறது. எங்கே பார்ப்பது?

வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 480 மாதிரிகள் சேர்ந்தால் 10 மில்லிவினாடி. இந்த ஒரு கணக்கை வைத்தே ஒலியின் முழுப் பாதையையும் புரிந்துகொள்ளலாம்.

முதல் பஃபர் கேமுக்குள் இருக்கிறது, பெரும்பாலும் அதுதான் பெரியது. பல ஆட்டங்கள் பயன்படுத்தும் எஃப்மாட் என்ற ஒலிக் கருவியின் இயல்பு அமைப்பு 1024 மாதிரிகள் கொண்ட நான்கு பஃபர்கள், அதாவது ஏறத்தாழ 85 மில்லிவினாடி. தயாரிப்பாளர்கள் அக்கறை எடுத்து அதைக் குறைத்திருக்கலாம், குறைக்காமலும் விட்டிருக்கலாம். டீம் ஃபோர்ட்ரஸ் 2 போன்ற பழைய சோர்ஸ் எஞ்சின் ஆட்டங்களில் ஒலியை எவ்வளவு முன்கூட்டிக் கலந்து வைப்பது என்பதற்கு ஒரு கன்சோல் கட்டளை உண்டு, இயல்பாக 0.1 வினாடி. அதைப் பாதியாக்கினாலே காதுக்குத் தெரியும். பெரும்பாலான புதிய ஆட்டங்கள் இப்படி ஒரு கைப்பிடியை நமக்குத் தருவதில்லை.

இரண்டாவது விண்டோஸின் ஒலி எஞ்சின். இயல்பாக 10 மில்லிவினாடி. மூன்றாவது, டிரைவரோடு வரும் அலங்காரங்கள்: பாஸ் கூட்டுதல், சுற்றொலி, ஒலியளவைச் சமன்செய்தல். ஒலிக்கருவியின் பண்புகளில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை நிறுத்திவிடுங்கள். அங்கேயே மாதிரி வேகத்தை 48,000-இல் வையுங்கள். 1,92,000 என்று வைத்தால் கேமின் ஒலி கூடுதல் தகவலைப் பெற்றுவிடாது, மாற்றும் வேலைதான் கூடும்.

அந்த 10 மில்லிவினாடியைக் குறைக்க முடியுமா?

விண்டோஸ் 10 வந்ததிலிருந்து முடிகிறது, நிபந்தனையோடு. டிரைவர் சிறிய பஃபரை ஆதரிக்க வேண்டும், ஏதாவது ஒரு செயலி அதைக் கேட்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் பொதுவான டிரைவரில் 128 மாதிரிகள் வரை, அதாவது 2.67 மில்லிவினாடி வரை, இறங்க இடம் வைத்திருக்கிறது. மதர்போர்டு நிறுவனம் தரும் டிரைவரில் அந்த இடம் இல்லாமல் போகலாம்.

ஒரு செயலி சிறிய பஃபரைக் கேட்டாலே அந்த ஒலிக்கருவிக்கான எஞ்சின் முழுவதும் அந்த வேகத்துக்கு மாறிவிடும். இந்த இயல்பைப் பயன்படுத்தும் ‘ரியல்’ என்ற இலவச, திறந்த மூலக் கருவி இருக்கிறது. பின்னணியில் சும்மா உட்கார்ந்து சிறிய பஃபரைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே அதன் வேலை. நிறுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். கேம் தனக்குள் வைத்திருக்கும் பஃபரை அதனால் தொட முடியாது.

பொதுவான டிரைவருக்கு மாற, டிவைஸ் மேனேஜரில் ஒலிக்கருவியைத் திறந்து ‘அப்டேட் டிரைவர்’ கொடுங்கள். இணையத்தில் தேடாமல் கணினியில் உள்ள பட்டியலிலிருந்து ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரியல்டெக்கின் ஈக்வலைசர் போய்விடும், முன்புற ஜாக் செருகலை உணரும் வசதியும் சில போர்டுகளில் போகலாம். ஏஎல்சி4080 போன்ற சிப் உள்ள புதிய மதர்போர்டுகளில் ஒலி உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகப் போவதால் இந்தப் பெயர் பட்டியலில் வராது. தேட வேண்டாம்.

கிடைக்கும் லாபம் ஏறத்தாழ 7 மில்லிவினாடி. பாட்டின் தாளத்துக்கேற்பத் தட்டும் ரிதம் கேம் ஆடுபவருக்கு அது மதிப்புள்ளது. மூன்று மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரில் கேட்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே 3 மில்லிவினாடி ஆகிறது, நாற்காலியை ஸ்பீக்கருக்கு அருகே இழுத்துப்போட்டால் அவருக்கு அதைவிட அதிகம் கிடைக்கும்.

பஃபரைக் குறைத்ததும் கரகரவென்கிறது. என்ன செய்வது?

முதலில் பழைய நிலைக்குத் திரும்புங்கள். பிறகு காரணத்தைத் தேடலாம்.

விண்டோஸில் டிரைவர்கள் ‘டிபிசி’ எனப்படும் அவசர வேலைகளைப் பிராசசரிடம் தள்ளும். அவை முடியும்வரை அந்தக் கோரில் சாதாரண வேலை எதுவும் நடக்காது. நல்ல டிரைவர் மைக்ரோவினாடிகளில் முடித்துக்கொள்ளும், மோசமானது சில மில்லிவினாடி பிடித்துக்கொள்ளும். பஃபர் 10 மில்லிவினாடியாக இருந்தவரை 4 மில்லிவினாடிச் சுணக்கம் வெளியே தெரியாது. 2.67 ஆனதும் பஃபர் வற்றுகிறது, அந்த வறட்சிதான் கரகரப்பு. ஆக, கோளாறு முன்பே இருந்தது.

எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டிரைவர்கள் பக்கத்தில் அதிகபட்ச நேரத்தின்படி வரிசைப்படுத்துங்கள். மேலே நிற்பவை பெரும்பாலும் நெட்வொர்க், கிராபிக்ஸ், சேமிப்பகம் சார்ந்தவை. நெட்வொர்க் என்றால் வைஃபையை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டு மறுபடி அளங்கள். அளவு சரிந்தால் குற்றவாளி அதுதான்: டிரைவரைப் புதுப்பியுங்கள், அல்லது லேன் கேபிளுக்கு மாறுங்கள். கிராபிக்ஸ் என்றால் டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி நிறுவுங்கள். விளக்குகளையும் விசிறியையும் கட்டுப்படுத்தும் மென்பொருள்கள் மதர்போர்டின் உணரிகளை ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கும். அவற்றில் இரண்டு மூன்று ஒரே கணினியில் இருந்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குங்கள். வண்ண விளக்கு ஒளிர வேண்டும் என்பதற்காகக் காது வலிக்கத் தேவையில்லை.

ரைசன் கணினி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை படமும் ஒலியும் ஒரு நொடி திக்குகின்றன.

கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் பழையதா என்று பாருங்கள். பயாஸ் சிப்போடு பேசும் எஃப்டிபிஎம் பாதுகாப்பு வசதி சில ரைசன் கணினிகளில் இப்படித் திக்கவைப்பதை ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. திருத்தம், ஏஎம்டி தரும் அடிப்படை நிரலான ஏஜெசா 1.2.0.7 கொண்ட பயாஸ்களில் வந்தது. பழைய பி450, எக்ஸ்570 போன்ற போர்டுகளில் பயாஸைத் தொடாமலே வைத்திருப்பவர்கள் இன்னும் இதில் மாட்டுகிறார்கள். டிஸ்க்கை விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் புதுப்பிப்பதற்கு முன் அதன் மீட்புச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் ஆசியோ டிரைவர் போட்டால் கேமுக்கு உதவுமா?

உதவாது. ஸ்டைன்பெர்க் உருவாக்கிய அந்த முறை விண்டோஸின் ஒலி எஞ்சினைத் தாண்டிச் செல்வது உண்மை. ஆனால் கேம் அந்த மொழியைப் பேச வேண்டும், பெரும்பாலானவை பேசுவதில்லை.

ரிதம் கேமில் ஆஃப்செட்டைச் சரிசெய்தால் போதாதா?

ஓசு போன்ற ரிதம் கேம்களில் ஆஃப்செட் செய்வது, தாமதத்தைத் தெரிந்துகொண்டு பாட்டையும் படத்தையும் உங்கள் தட்டலையும் கணக்கில் பொருத்துவது. பாட்டு முன்பே தெரிந்த ஒன்று என்பதால் அது சாத்தியம். நீங்கள் தட்டும்போது வரும் ‘டப்’ சத்தத்தை அப்படிப் பொருத்த முடியாது, நீங்கள் எப்போது தட்டுவீர்கள் என்று கேமுக்குத் தெரியாதே! தட்டல் சத்தத்தை வைத்தே தாளம் பிடிப்பவருக்கு உண்மையான தாமதம் குறைந்தாக வேண்டும். அது முடியாதபோது தட்டல் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டு ஆடுவது நல்ல வழி, பல தேர்ந்த ஆட்டக்காரர்களின் வழக்கமும்கூட.

7.1 சுற்றொலி, டால்பி போன்றவற்றை இயக்கலாமா?

கேமிலேயே ஹெட்ஃபோனுக்கான திசையொலி இருந்தால் வெளியே உள்ளதை நிறுத்துங்கள். இரண்டு முறை பதப்படுத்தினால் திசை குழம்பும், தாமதமும் கூடும்.

ரெஜிஸ்ட்ரி மாற்றங்கள், ஹெச்பெட், டைமர் ரெசல்யூஷன் பற்றியெல்லாம் வீடியோக்களில் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அளந்து காட்டுவதில்லை.

விண்டோஸின் இயல்பான டைமர் 15.6 மில்லிவினாடிக்கு ஒருமுறை துடிக்கும். முன்பு ஒரு செயலி அதை 1 ஆக்கினால் கணினி முழுவதும் மாறியது. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்குப் பிறகு அந்த மாற்றம் கேட்ட செயலிக்கு மட்டுமே பொருந்துகிறது. எனவே பின்னணியில் டைமர் கருவியை ஓடவிடுவது இயல்பான அமைப்பில் கேமை எட்டாது. கேம்கள் தமக்குத் தேவையானதைத் தாமே கேட்டுக்கொள்கின்றன.

ஹெச்பெட் என்ற கடிகாரத்தைக் கட்டாயமாக்கும் கட்டளை தீங்கே செய்யும். நேரம் பார்க்க பிராசசருக்குள்ளேயே வேகமான கடிகாரம் இருக்கும்போது வெளியே உள்ள மெதுவான கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறது அது. எப்போதோ அந்தக் கட்டளையைக் கொடுத்திருந்தால் பதிவை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள்.

பாதுகாப்பு வசதிகளைக் கழற்றிய ‘கேமிங் விண்டோஸ்’ கோப்புகளை நிறுவவே நிறுவாதீர்கள். யார் எதைச் சேர்த்தார்கள் என்று தெரியாத இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறக்கப் போகிறீர்கள். அதோடு, விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும்.

முழுத்திரையா, விளிம்பில்லாச் சாளரமா?

டைரக்ட்எக்ஸ் 12 ஆட்டங்களில் பெரிய வேறுபாடு இல்லை. டைரக்ட்எக்ஸ் 10, 11 ஆட்டங்களைச் சாளரத்தில் ஆடினால் விண்டோஸ் 11-இன் கிராபிக்ஸ் அமைப்புகளில் ‘ஆப்டிமைசேஷன்ஸ் ஃபார் விண்டோட் கேம்ஸ்’ என்பதை இயக்குங்கள். விண்டோஸ் 10 என்றால் முழுத்திரை.

லேப்டாப்பில் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

சார்ஜரைச் செருகி ஆடுங்கள். பேட்டரியில் பிராசசர் வேகம் ஏறி இறங்குவதே தாமதத்தைச் சீரற்றதாக்கும். பல லேப்டாப்களில் தனிக் கிராபிக்ஸ் கார்டு வரைந்த படம் பிராசசரோடு இருக்கும் கிராபிக்ஸ் வழியாக நகலெடுக்கப்பட்டுத் திரைக்குப் போகிறது. மக்ஸ் சுவிட்ச் இருந்தால் தனிக் கார்டை நேரடியாகத் திரையோடு இணைக்கும் நிலைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் தனிக் கார்டோடு நேரடியாக இணைந்த போர்ட்டில் வெளி மானிட்டரைப் பொருத்தலாம். எல்லா ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் அப்படி இணைந்திருக்காது, என்விடியா பலகத்தில் பார்த்தால் தெரியும்.

இதையெல்லாம் செய்தால் பிங் குறையுமா?

குறையாது, அது வேறு கணக்கு. பிங் என்பது உங்கள் கணினியிலிருந்து கேம் சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் 2,900 கிலோமீட்டர் என்றால், கேபிள் நேர்க்கோட்டில் போனாலும் போய்வர 29 மில்லிவினாடி. அதற்குக் கீழே எந்த ‘பிங் பூஸ்டர்’ மென்பொருளும் கொண்டுபோக முடியாது. மும்பையில் சர்வர் உள்ள கேமுக்குச் சிங்கப்பூர் தேர்வாகியிருந்தால் அதை மாற்றுங்கள். வீட்டில் யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போது மட்டும் பிங் எகிறினால் ரவுட்டரில் பொட்டலங்கள் தேங்குகின்றன என்று பொருள். பொட்டல வரிசையைத் தேங்காமல் கட்டுப்படுத்தும் ‘எஸ்க்யூஎம்’ வசதி உள்ள ரவுட்டரில் பதிவேற்ற வேகத்தை உங்கள் இணைப்பின் 90 சதவீதத்துக்கு வரம்பிட்டால் அந்தத் தேக்கம் கரையும். கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் லேன் கேபிள் போடுங்கள். வைஃபை டிரைவர் உண்டாக்கிய கரகரப்பு இருந்திருந்தால் அதுவும் சேர்ந்தே போகும்.